வேலைக்கு ஆகாதவள்

என்னை எந்த வேலைக்கும் ஆகாதவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மூன்று டாக்டர்களில் ஒருவர்கூட என் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர்கள் அறையின் அந்தக் கோடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் இடது கையைத் தூக்கித் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஜன்னல் வெளிச்சம் பக்கமாகக் காட்டச் சொன்னார். அதையும் செய்தேன். போதும் என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் பீடி வாங்கிக்கொண்டு அப்போதுதான் வராந்தாவில் ஏறினார். இன்னும் கூப்பிடவில்லையா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பவும் பெஞ்சில் உட்காரப் போனார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். இலாகாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த இலாகாவில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நான் நெல்லித்தோப்பில் பிறந்து, நெல்லித்தோப்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில் காசில்லாமல் சேர்த்துக்கொண்டதால் என்னைப் படிக்க வைத்தார். இப்போதைய பத்தாவது மாதிரியான ப்ரெவே பரீட்சை வரை படித்தேன். எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு. பிரெஞ்சுக்காரர்கள் போய், எல்லாக் காகிதமும் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு வேலையில் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் அந்த வேலையோடுதான். என் வீட்டுக்காரர் மில் தொழிலாளி. மில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். என் சம்பளம் நின்றதில்லை. ஒரே மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தேன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. கல்யாணமும் செய்து வைத்தேன்.

அந்தக் கல்யாணத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது கொதிக்கிற எண்ணெய் இடது முன்கையில் தெறித்தது. தெறித்ததைப் பார்த்தேன். எரிச்சல் தெரியவில்லை. அந்த இடத்தில் வெகுநாளாக இருந்த தேமல் போன்ற ஒரு திட்டின் மேல்தான் எண்ணெய் பட்டிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனேன். அவர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சால் தடவி, ஊசியால் குத்தி, எங்கே உணர்வு இருக்கிறது, எங்கே இல்லை என்று கேட்டுக் கேட்டு, பேனாவால் என் கையிலேயே கோடு போட்டார். பிறகு தொழுநோய் என்று சொன்னார். ஆரம்பநிலை, தொற்றாத வகை, மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், குடும்பத்தோடு இருக்கலாம், வேலைக்குப் போகலாம் என்றார். எழுந்து போகும்போது, "ஊருல சொல்லிக்கிட்டுத் திரிய வேணாம்மா" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். திட்டு மங்கிக்கொண்டே வந்தது. விரல்கள் பத்தும் எப்போதும் போல டைப் அடித்தன. ஆனால் சிகிச்சை முடியும் தறுவாயில் முழங்கை நரம்பு வீங்கி வலி எடுத்தது. அது நோய் திரும்பியதல்ல, மாத்திரை வேலை செய்யும்போது சிலருக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். சில வாரம் ஓய்வு வேண்டும் என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். விடுப்பு சர்டிஃபிகேட்டில் நோயின் பெயரை எழுதியாக வேண்டும் என்பது விதி. அவர் எழுதினார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தக் காகிதத்தை வாங்கியவர் எங்கள் சூப்பிரண்டு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் மகன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, பந்தியில் உட்கார்ந்து, நான் பரிமாறிய பாயசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவர். அவர் காகிதத்தைப் படித்தார். படித்துவிட்டு மேஜையில் வைத்தார். வைத்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்தார்.

விடுப்பு முடிந்து போனபோது என் மேஜையும் நாற்காலியும் பின்பக்க வராந்தாவில், மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. மழை பெய்தால் சாரல் அடிக்கிற இடம். டைப்ரைட்டரை மட்டும் வெளியே கொண்டுவரவில்லை. அதை இனி வேறு ஆள் தொட வேண்டுமாம். என்னோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்ட பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அலுவலகத்தில் உள்ள எல்லாரும் சேர்ந்து மேலிடத்துக்கு ஒரு மனுக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. எல்லாரும் என்றால் எல்லாரும். யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தேடவே வேண்டியதில்லை.

அந்த மனுவின் பேரில்தான் என்னை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். போர்டு என்னைக் கதவோரம் நிற்க வைத்துப் பார்த்த கதையை மேலே சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. எந்த வகையான அரசுப் பணிக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்பதால் இயலாமை ஓய்வூதியம் கொடுத்து வேலையிலிருந்து விடுவிக்கிறார்களாம். சூப்பிரண்டு அதைக் கையில் தராமல் மேஜை விளிம்பில் வைத்துத் தள்ளினார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா. வேலையே இல்லாம வூட்ல உக்காந்துகிட்டு பென்ஷன் வாங்கலாம். யாருக்குக் கெடைக்கும்?" என்றார்.

உத்தரவை எடுத்து மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் என்னென்னவோ பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் அவர் முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் அங்கே இல்லை.

எங்கள் ஊரில் பென்ஷன் என்பது மரியாதையான சொல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் பென்ஷன் வாங்கும் நாளில் கோட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். பென்ஷன்காரர் வீடு என்றால் கடையில் கடன் கேட்காமலே கிடைக்கும். அதனால் விஷயத்தைக் கேட்ட உறவுக்காரர்கள் எல்லாரும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்த மாதிரிதான் பேசினார்கள். என்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று மகன் சொல்லி வைத்திருந்தான். அவனுக்கு நான் அப்போதுதான் உண்மையைச் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு அவன் முதலில் சொன்னது, அவன் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்பதுதான். பேரன் பிறந்து சில மாதம் ஆகியிருந்தது.

சும்மா இருந்துவிட்டிருப்பேனோ என்னவோ. அவர்களே என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

வேலை போன சில மாதங்களில் எங்கள் அலுவலகப் பியூன் வீட்டுக்கு வந்தார். தெருவிலேயே சைக்கிளை நிறுத்தி, துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டை வாசல்படியில் வைத்துவிட்டு எட்டி நின்றார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய ஃபைல் ஒன்று. ஏதோ நிலத்தகராறில் அவசரமாக இங்கிலீஷில் வேண்டுமாம். உள்ளே ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லையாம். சூப்பிரண்டு உதவியாகக் கேட்கச் சொன்னாராம். பாவம் அந்த மனிதர், எனக்கு நல்ல சேதி கொண்டுவந்த மாதிரி சொன்னார்.

ஃபைலை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பினேன். பின்பக்க வராந்தா வழியாகப் போகவில்லை. கடற்கரைப் பக்கத்து முன்வாசல் வழியாக, ஹாலின் நடுவில் நடந்து, சூப்பிரண்டின் மேஜையில், அவர் கைக்கு நேராக ஃபைலை வைத்தேன்.

"எந்த வேலைக்கும் ஆகாதுன்னு எழுதி வாங்கிட்டீங்க. இந்த வேலைக்கு மட்டும் நான் எப்படி சார் ஆவேன்?"

ஹாலில் டைப் சத்தம் நின்றது. கோபப்படாதீங்க, உதவி என்றுதானே கேட்டேன் என்று அவர் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னார். நான் அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை. ஃபைலில் ஒட்டாத வியாதி என் நாற்காலியில் எப்படி ஒட்டியது என்று கேட்டேன். யாரும் தலை நிமிரவில்லை. வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தேன். வழக்குப் போடுவது என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

வக்கீல் ஒருவரை என் வீட்டுக்காரருக்குத் தெரியும். மில் தொழிற்சங்க வழக்குகளை நடத்தியவர். இரும்புச் சாமான் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுச் சட்டம் படித்து, அந்தக் காலத்துக் கோர்ட்டில் பிரெஞ்சில் வாதாடியவர். பழைய ஆட்கள் அவரை இன்னும் மெத்ரு என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் அது வக்கீலுக்குரிய மரியாதைப் பெயர். எல்லாம் இங்கிலீஷுக்கு மாறியதும் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சட்டம் படிக்க வேண்டி வந்ததைப் பற்றிக் கசப்பாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் நீட்டிய காகிதங்களை அவரும் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொல்லி, பென்சில் முனையால் புரட்டிப் படித்தார். எழுந்து வந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஊரில் வேறு வக்கீலிடம் போனால் அவர் மட்டும் என்ன செய்வார்? உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துவிட்டு, பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவரும் சொன்னார். எனக்கு வேலை வேண்டும் என்றேன். அப்படியானால் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ரிட் போட வேண்டும், போட்டால் ஒன்று நடக்கும் என்றார்.

"வியாதி பேர எழுதணும்மா. பிராது கோர்ட்டுல படிப்பாங்க. ஊரே கேக்கும். தாங்குவீங்களா?"

"ஊரு கேட்டாச்சு சார். நான் சொல்றத மட்டும் இன்னும் கேக்கல," என்றேன்.

அன்றைக்கே பிரமாணப் பத்திரத்துக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தார். அதை அவர் வீட்டு டைப்ரைட்டரில் நானே அடித்தேன். அந்த நோயின் பெயரை அத்தனை தடவை அடித்தது அதுதான் முதல் முறை. முதல் பக்கத்தில் விரல் தயங்கியது. கடைசிப் பக்கம் வருவதற்குள் அது வெறும் எழுத்தாகிவிட்டது. கையெழுத்துப் போடும்போது என் பேனா எழுதவில்லை. அவர் தன் பேனாவைக் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்ததும் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். பென்சில் முனையால் தொட்டதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் கோபப்பட முடியவில்லை.

வழக்குப் போட்ட செய்தி அலுவலகத்திலிருந்து தெருவுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. மருமகளுக்கும் தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். பயந்துபோய் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். பேசியது என் மகன்.

"பென்ஷன் வாங்கிட்டுப் போயிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. நீயே தெரு முழுக்கத் தமுக்கு அடிச்சிட்டியேம்மா."

டாக்டரிடம் வா, அவர் வாயால் கேட்டுக்கொள் என்றேன். வரமாட்டேன் என்றான். தான் நம்பினாலும் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள் என்றான். சேதராப்பட்டிலேயே வீடு பார்த்துவிட்டான். சாமான்களை ஏற்றிய வண்டி நிற்கும்போது, பேரனை ஒருதரம் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். குழந்தையும் தாவியது. அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். முரட்டுத்தனமாகச் செய்யவில்லை. சட்டை கசங்காமல் ஒதுங்குகிறவன் மாதிரி செய்தான். அந்தக் கணத்தில் அவன் என் சூப்பிரண்டைப் போலவே இருந்தான். நான் படிக்க வைத்த பிள்ளை. அன்று நான் அழவில்லை. அவன் சாப்பிட்டு வைத்துவிட்டுப் போன தட்டைத் தெருவில் வீசினேன். என் வீட்டுக்காரர் போய் எடுத்து வந்து கழுவி அலமாரியில் வைத்தார்.

அவர் எப்போதுமே அப்படித்தான். என் நோய் தெரிந்த நாளிலிருந்து அவர் எதையும் மாற்றவில்லை. அதே பாய், அதே சொம்பு. தைரியம் சொன்னதில்லை, தியாகம் செய்கிற முகமும் காட்டியதில்லை. மில் நின்றிருந்த ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் அந்தப் பென்ஷனை நான் வாங்கத் தொடங்கினேன். ஆட்சேபத்தோடு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கும்படி மெத்ரு சொன்னார். வாங்கிக்கொண்டு வந்த முதல் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். "உன்னுதுதான, தின்னு," என்றார் என் வீட்டுக்காரர். தின்றேன்.

வழக்குக்கு டாக்டரின் சாட்சியம் தேவைப்பட்டது. என் கையை உண்மையில் பரிசோதித்த ஒரே ஆள் அவர்தான். அதற்குள் அவரைக் காரைக்காலுக்கு மாற்றியிருந்தார்கள். நானும் வீட்டுக்காரரும் பஸ் பிடித்துப் போனோம். அவர் அடையாளம் கண்டுகொண்டார். மரத்தடியில் உட்கார வைத்து, என் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, நரம்பை அழுத்திப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. போர்டில் இருந்தவர்கள் அவருக்கு மேலதிகாரிகள். அவர் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அங்கேயும் என் பொறுமை போய்விட்டது.

"போர்டு தப்புன்னு எழுத வேணாம் சார். நீங்க ஊசியால குத்திப் பாத்தீங்களே, பஞ்சு வச்சுப் பாத்தீங்களே, அத மட்டும் எழுதுங்க. அதுகூட நடக்கலன்னு சொல்லப்போறீங்களா?"

அவர் எழுந்தார். ஆஸ்பத்திரிக்குள் போனார். திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். என்றைக்கு என்ன பரிசோதனை செய்தார், என்ன மருந்து கொடுத்தார், எப்போது குணமடைந்தேன், டைப் அடிப்பது உட்பட எல்லா வேலையும் நான் செய்யலாம் என்பதையெல்லாம் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போர்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. போதும்.

அதன் பிறகு வருஷங்கள் போயின. எத்தனை வாய்தா என்று நான் எண்ணவில்லை. விடியற்காலை பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போவோம். எங்கள் வழக்கு வராது. வந்தால் அரசுத் தரப்பு வக்கீல் அவகாசம் கேட்பார். கொடுப்பார்கள். திரும்பி வருவோம். அரசுத் தரப்பின் பதில் மனு வந்தபோது மெத்ரு அதை எனக்குப் படித்துக் காட்டினார். பிரெஞ்சு ஃபைலை என்னிடம் அனுப்பவே இல்லை என்று மறுத்திருந்தார்கள். அந்தப் பியூன் என் முகத்தைப் பார்த்தால் சந்துக்குள் சைக்கிளைத் திருப்பினார். அவர் பிழைப்பு அவருக்கு. நான் பென்ஷனை வாங்கித் தின்றுவிட்டேன், ஆகவே உத்தரவை ஏற்றுக்கொண்டவள் என்றும் எழுதியிருந்தார்கள். மற்ற ஊழியர்களின் நலனையும் மன அமைதியையும் கருதியே இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று இன்னொரு வரி. கேட்கும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. மெத்ரு மட்டும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். இருக்கட்டும், அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

எண்பதுகளின் நடுவில் அரசு ஊழியர் வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் வந்து, எங்கள் வழக்குக் கட்டும் அங்கே மாறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்குமோ என்று நான் சலித்துப்போயிருந்த நேரத்தில் ஒருநாள் திடீரென்று விசாரணை நடந்தது. அரை மணிகூட ஆகியிருக்காது. எல்லாம் இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷ் எழுத்தில் வரும், பேச்சு அவ்வளவு வேகத்தில் காதில் ஏறாது. மேலே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பதில் மனுவைப் புரட்டி அரசுத் தரப்பு வக்கீலிடம் என்னவோ கேட்டார். அரசு வக்கீல் காகிதங்களைத் தேடினார். மேலே இருந்தவர் மறுபடி கேட்டார். அரசு வக்கீல் இன்னும் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே நின்றார். வெளியே வந்ததும் மெத்ரு சொன்னார்.

"இந்தம்மாவால வேலை செய்ய முடியலையா, இல்ல இவங்களோட வேலை செய்ய மத்தவங்களால முடியலையான்னு கேட்டாரு. ரெண்டாவதுன்னா பென்ஷன் யாருக்குக் குடுத்திருக்கணும்னு கேட்டாரு."

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்ட கேள்வி. முன்பின் தெரியாத ஒரு மனிதர் காகிதத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம்தான் வந்தது. இதைக் கேட்க மெட்ராஸ் வரை வரவேண்டுமா? அந்த ஹாலில் இருந்த ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லையா?

உத்தரவை ரத்து செய்தார்கள். போர்டின் அறிக்கையை எனக்குக் காட்டவில்லை, மேல்முறையீட்டுக்கு வாய்ப்புத் தரவில்லை, சிகிச்சை அளித்த டாக்டரின் கருத்தைக் கேட்கவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லி, தோல்நோய் நிபுணர் இருக்கும் வேறு போர்டு என்னைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். புதிய போர்டில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை எதிரில் உட்கார வைத்து, என் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். எழுதச் சொன்னார். பொத்தான் போடச் சொன்னார். "இவ்ளோ நாளா வீட்ல என்னா செஞ்சிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதினார்கள். அதன் பிறகும் இலாகா இழுத்தடித்தது. அவமதிப்பு வழக்கு என்று மெத்ரு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் வந்து சேரச் சொல்லி உத்தரவு வந்தது.

சேதி தெரிந்து மகன் வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ், பக்கத்தில் பேரன். பள்ளிக்கூடம் போகிற வயதாகியிருந்தது அவனுக்கு. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் சொன்னார். பேரன் சுவரோடு ஒட்டி நின்றான். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். "ஆயா மேல படக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு," என்றான். குழந்தைக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லை, ரோட்டைக் கடக்கும்போது பார்த்துப் போ என்கிற மாதிரி சொன்னான். மகன் தலையைக் குனிந்துகொண்டான். இப்போ உங்கப்பாவே வேற மாதிரி சொல்லட்டும் என்று நான் சொன்னேன். தொட்டா ஒண்ணும் ஆகாது, போ என்று மகன் சொன்னான். அன்றைக்குப் பேரன் என் பக்கத்தில் வரவில்லை. அடுத்த தடவை வந்தபோது வந்தான். மகனோடு நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பழையபடி பேசவில்லை.

அலுவலகத்தில் பழைய சூப்பிரண்டு ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவரை எதிரில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாயிற்று. மனுவில் கையெழுத்துப் போட்ட ஒருவர் இப்போது அவர் நாற்காலியில் இருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். ஹாலில் ஜன்னலோரம் மேஜை போட்டிருந்தார்கள். காபி வாங்கிவரச் சொல்லி, பழசையெல்லாம் மறந்துவிடலாம், அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

"டாக்டர் எழுதிக் குடுத்திருந்தாரே சார். படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. சுற்றியிருந்த இளம் பிள்ளைகளுக்கு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரியவில்லை. இந்தம்மா சிடுசிடுப்பு என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும். வந்த வேலையைச் செய்தேன். பிரெஞ்சு ஃபைல்களும் வந்தன. படித்துக் கொடுத்தேன். அதற்குத்தான் சம்பளம்.

நான் வேலைக்குத் திரும்பிய அந்தக் காலத்திலேயே மெத்ரு இறந்துபோனார். நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். கடைசி வரை எங்களிடம் அவர் கேட்டு வாங்கிய தொகை பஸ் சார்ஜுக்குத்தான் காணும்.

எண்பதுகள் முடிவதற்குள் எனக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைந்து ஓய்வு பெற்றேன். பென்ஷன் வாங்கக் கருவூலத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பையன் என் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். முதல் பக்கத்தில் இயலாமை ஓய்வூதியம் என்றே இருந்தது. பழைய பதிவைப் பார்த்து எழுதிவிட்டார்கள். மாற்றச் சொன்னேன். தொகை சரியாக இருக்கிறதா பாருங்கள், அதில் குறையவில்லை என்றான். தொகையை நான் கேட்கவில்லை என்றேன்.

"ரெண்டும் பென்ஷன்தாம்மா. எப்டி எழுதினா என்னா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். நான் நகரவில்லை.

"நான் வயசாகி ரிட்டயர் ஆனவ. அதை எழுது," என்றேன்.

மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றான். கேட்டுவிட்டு வரச் சொன்னேன். போனான். அந்த மேலதிகாரி வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, நாளைக்கு வரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். கடைசியில் சிவப்பு மையால் அடித்து, மேலே சரியானதை எழுதி, முத்திரை குத்தி, சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார்கள். எழுதியது காயும் வரை கவுண்ட்டரிலேயே நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.